உப்பு வந்த வழியில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் ஒரு பச்சைப் பலகை. பலகையைத் தாண்டி வெளுத்துக் கிடக்கும் பாத்திகளைப் பார்த்ததும் வண்டிக்குள் யாராவது ஒருவர் ‘நிறுத்து, நிறுத்து’ என்பார். உப்புக் குவியலுக்கு முன்னால் நின்று நாலு படம் எடுப்பார்கள். பிறகு வண்டி கிளம்பிவிடும்.

அந்த ஊருக்காகவே ஒரு தடவை போய்வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி. பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் எயிற்பட்டினம், கடலோரம். அப்புறம் வேலூர், அது காட்டுப்பக்கம். பிறகு வயல் சூழ்ந்த ஆமூர். அதையும் தாண்டினால் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன், கிடங்கிலின் அரசன், உட்காரவைத்துச் சோறு போடுவான். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தின் கிடங்கல் என்றும் அறிஞர்கள் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். எழுதியவர் நத்தத்தனார். அவருடைய இடைக்கழிநாடு இப்போதும் கடப்பாக்கம் பக்கம் ஒரு பேரூராட்சியின் பெயராக இருக்கிறது. ஆக, இந்தக் கடற்கரைக்கான பயண வழிகாட்டியை இந்தக் கடற்கரைக்காரரே எழுதி வைத்திருக்கிறார். எந்த ஊரில் என்ன சாப்பிடக் கிடைக்கும் என்பதுவரை அதில் இருக்கிறது. நம்முடைய சுற்றுலாத் துறை இவ்வளவு விவரமாக எழுதி நான் பார்த்ததில்லை.

பாணன் கடலிலிருந்து அரசனைத் தேடிப் போனான். எனக்குப் பார்க்க வேண்டிய அரசன் யாரும் இல்லை. அதனால் தலைகீழாக, கிடங்கிலிலிருந்து கடலுக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

விழுப்புரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னைப் பக்கம் போகும் ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறுவது ஒரு சாகசம்தான். ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன் இது. சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மாயவரம், பாண்டிச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. அத்தனை பக்கத்துக் கூட்டமும் இங்கே வந்து கலக்கிறது. ஞாயிறு மாலையில் அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் தோளில் பை மாட்டிய இளைஞர்கள். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகிறவர்கள்.

கதவருகே எனக்கு அரை இடம் விட்டவன் கார் உதிரிபாகம் செய்யும் கொரியக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து அந்த வட்டாரத்தில் கொரியக் கம்பெனிகள் பெருகி, விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் கொரியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற பையன்கள் உண்டாகிவிட்டார்கள். அவனுடைய மேனேஜருக்குச் சொந்த ஊர் புசான். போனில் படம் காட்டினான். ஹேயுண்டே கடற்கரை, அதன் முதுகில் கண்ணாடிக் கட்டடங்கள்.

“நீங்க எங்க சார், சென்னையா?”

“மரக்காணம்.”

“பாண்டி போற வழியிலயா?”

“இல்ல தம்பி, மரக்காணத்துக்கேதான்.”

“அங்க இன்னா சார் இருக்கு? உப்புதான?”

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை, விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஜன்னலில் ஒவ்வொன்றாகப் போயின. திண்டிவனத்தில் இறங்கும்போது அவன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

திண்டிவனத்தை யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. சாலைகள் சந்தித்துப் பிரியும் ஊர், அவ்வளவுதான். புளியங்காட்டுக்கு நடுவே இருந்த ஊர் என்பதற்குச் சாட்சியாகத் திந்திரிணீஸ்வரர் கோயில் மட்டும் மிச்சம். ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை நான்குவழிச் சாலை தின்றுவிட்டது. பேருந்து நிலையத்தில் வறுத்த கடலை வாங்கினேன். இந்த ஊரைப் பொறுத்தவரை அது வெறும் நொறுக்குத்தீனி இல்லை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை, எள் ரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு தமிழ்நாடு முழுக்க விதைக்கப்பட்டன. அந்த மூன்று எழுத்து திண்டிவனம்.

இருட்டுவதற்குள் கிடங்கல் போய்ப் பார்த்தேன். ஏரி இருக்கிறது, தெருக்கள் இருக்கின்றன. பாட்டில் வரும் கோட்டையைக் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும். நல்லியக்கோடனின் பெயரை அரசாங்கம் எங்காவது கல்லில் வெட்டி வைத்திருக்கிறதோ இல்லையோ, வீட்டுமனை போட்டவர்கள் வைத்திருக்கிறார்கள். திண்டிவனத்தில் நல்லியக்கோடன் நகர் உண்டு. மாசி மகத்துக்குப் பாண்டிச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகும் பெருமாள்களில் நல்லியக்கோடன் நகர் சீனிவாசப் பெருமாளும் ஒருவர். வள்ளலின் பெயரை முகவரியாக வைத்துக்கொண்டு சாமி ஆண்டுக்கு ஒருமுறை கடலுக்குப் போய்வருகிறது.

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்னால் மரக்காணம் பேருந்து. பிரம்மதேசம், முருக்கேரி, சிறுவாடி என்று போகும் சாலை. பாணன் நடந்த உப்புவேலூர் வழி இதற்குத் தெற்கே விலகிப் போகிறது. ஆனால் திசை ஒன்றுதான். நெல், மணிலா, சவுக்கு, முந்திரி என்று பயிர் மாறிக்கொண்டே வந்து, மண் வெளுத்து, காற்றில் ஈரம் கூடியபோது நடத்துனர் “உப்பளம் இறங்கறவங்க வாங்க” என்றார். எழுந்தவர்களில் என்னைத் தவிர எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். பெரும்பாலும் பெண்கள். கையில் தூக்குவாளி, தலையில் சும்மாடாகப் போகிற துண்டு.

மாசிக் கடைசி. உப்புக்குச் சீசன் சூடுபிடிக்கும் நேரம். ஏறக்குறைய 3,000 ஏக்கருக்குப் பரந்து கிடக்கிற உப்பளத்தில், சூரியன் தலை காட்டும்போதே பாதி வேலை முடிந்திருந்தது. வெயில் ஏறிய பிறகு இந்த வெள்ளையில் கண் திறந்து நிற்க முடியாது. அதனால் விடியுமுன்பே வந்து வார ஆரம்பித்துவிடுகிறார்கள். நீண்ட கழியின் நுனியில் பலகை. அதை நீருக்கடியில் ஒரே சீராக இழுக்கும்போது உப்பு கரகரவென்ற சத்தத்தோடு பாத்தி ஓரத்துக்கு வந்து சேர்கிறது. தண்ணீர் வடிந்ததும் பெண்கள் அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு வரப்பில் நடந்து, மேட்டில் கொட்டுகிறார்கள். கொட்டிக் கொட்டி அம்பாரமாகிறது. அதன்மேல் மழைக்குக் கீற்று வேய்வார்கள்.

கடல் தண்ணீரைக் காயவைத்தால் உப்பு என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்து முடித்தோம். இங்கே அது பல பாத்திகளின் வேலை. உப்பங்கழியிலிருந்து வாய்க்காலில் வரும் நீர் ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற மாற கெட்டியாகிறது. அந்தக் கெட்டியை அளக்கப் போமே என்றொரு அளவு. கடல் நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அது 25-க்கு வந்தால் உப்பு பூக்கும். முப்பதை நெருங்கவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அந்த நீரை வெளியேற்றிவிட்டுப் புதிதாகப் பாய்ச்ச வேண்டும். அளக்கும் கருவி மேஸ்திரியிடம் இருக்கிறது, ஆனால் நான் நின்ற நேரத்தில் அவர் அதை எடுக்கவே இல்லை. நீரின் நிறத்தைப் பார்த்தார், குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், “நாளைக்கு வாரலாம்” என்றார். சீசன் தொடங்குமுன் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவதும் மனிதர்கள்தான். தரை இறுகாவிட்டால் உப்பில் சேறு கலந்துவிடும்.

“இத பாக்கறதுக்கா அவ்ளோ தூரத்துலருந்து வந்தீங்க?” என்றார் கூடையை இறக்கிய அக்கா ஒருவர்.

அப்போதுதான் ரயில் பையனின் கேள்வி நினைவுக்கு வந்தது. அவனுடைய மேனேஜரின் நாட்டில், தென்மேற்குக் கடலோரம், ஷினான் பகுதியில் ஜுங்தோ என்றொரு தீவு இருக்கிறது. அங்கே தேப்யோங் உப்பளம். கொரியப் போர் முடிந்த 1953-இல், போரில் வீடிழந்து வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக உண்டாக்கப்பட்டது. பழைய கல் உப்புக்கிடங்கு இப்போது உப்பு அருங்காட்சியகம். சுற்றுலாப் பயணிகள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் பலகையை வாங்கி, காசு கொடுத்து உப்பு வாரிப் பார்க்கலாம். இதை அந்த அக்காவிடம் சொன்னேன். பக்கத்திலிருந்த பெண்களும் கூடையை இறக்கிவிட்டார்கள்.

“காசு குடுத்து உப்பு வார்றாங்களா?”

“ஆமாக்கா.”

“அப்ப நீங்களும் குடுங்க சார். பலகைய தர்றோம், நாங்க நெழல்ல உக்கார்றோம்.”

வெகுநேரம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு கதையின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை என்று தோன்றியது. அதே உப்பளத்தின் உப்பை, கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்கச் சுங்கத் துறை 2025 ஏப்ரலில் தடுத்து நிறுத்தியது. அருங்காட்சியகமும் அழகான படங்களும் இருக்கிற இடத்திலும் உப்பு வாருகிறவனின் பாடு உப்பு வாருகிறவனின் பாடுதான். மேஸ்திரி இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. “உப்புன்னாலே அப்படித்தான் சார்” என்று வேறு பாத்திக்கு நகர்ந்தார்.

மழைக்காலம் வந்தால் இங்கே ஒருவருக்கும் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கு நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தை மாநில அரசு 2022-இல் கொண்டுவந்தது. கேட்டுக் கேட்டு வாங்கியது. ஆனால் மழை இப்போது காலண்டர் பார்த்து வருவதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது, மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியில்தான் உப்பளம் இருக்கிறது. அந்த நாட்களை இவர்கள் ‘அந்த வெள்ளம்’ என்று மட்டும் சொல்கிறார்கள்.

உப்பளத்தைத் தாண்டி நடந்தால் பக்கிங்காம் கால்வாய். அது இங்கே முடிகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து சென்னையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஏறக்குறைய 420 கிலோமீட்டர் வரும் கால்வாய் மரக்காணத்தில் வந்து ஓய்கிறது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, துண்டு துண்டாக நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தின்போது பட்டினி கிடந்தவர்களுக்கு நிவாரண வேலையாகச் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்ட வைத்தார்கள். பிறகு கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. உப்பும் விறகும் படகில் பட்டணம் போன காலம் ஒன்று இருந்தது. இப்போது இந்த முனையில் தண்ணீர் அசையவில்லை, ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும்.

பூமீஸ்வரர் கோயில் ஊருக்குள் இருக்கிறது. சோழர் காலத்துக் கற்றளி, சுவரெல்லாம் கல்வெட்டு. அவற்றில் ஊரின் பழைய பெயரான எயிற்பட்டினமும் வருகிறது, உப்பளங்களைக் குறிக்கும் பேரளம் என்ற சொல்லும் வருகிறது. சாமிக்கு விளக்கெரிக்கவும் உப்புதான் பணம் கொடுத்திருக்கிறது. நான் போனபோது நடை சாத்தியிருந்தார்கள், வெளிச்சுவரைச் சுற்றி வந்ததோடு சரி.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. நெத்திலிக் குழம்பும் வறுத்த சங்கராவும். நத்தத்தனார் எயிற்பட்டினத்தில் சொல்லும் விருந்து வேறு. கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள கட்டைகள் கரையில் கிடக்கும், படுத்துத் தூங்கும் ஒட்டகங்களைப் போல என்கிறார். இந்தக் கரையில் அவர் ஒட்டகத்தை எங்கே பார்த்தார் என்பதை ஒரு முழுக் கட்டுரையாக யாராவது எழுதலாம். அந்த விறகில் தீமூட்டி நுளையர் வீட்டுப் பெண் வடித்த கள்ளைப் பரதவர் பாணனுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். கூடவே, உலர்ந்த மீன் சுட்டது. அதாவது கருவாடு. கருவாடு இன்றும் கிடைக்கிறது, சாலையோரத்தில் கூறுகட்டி விற்கிறார்கள்.

கள் கிடையாது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பனைமரங்கள் நிற்கின்றன, அவற்றில் கள் இறக்கினால் வழக்கு. இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போக இந்த ஊரில் முடியாது. 2023 மே மாதம், இதே மரக்காணத்தின் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மீனவர்கள், கூலிக்காரர்கள். கள்ளுக்குப் பெயர்போன கரையில் தொழிற்சாலை ரசாயனத்தைக் குடித்து மனிதர்கள் சாகும் நிலைக்கு யார் காரணம் என்று மெஸ்காரரிடம் கேட்டேன். அவர் இலையை மடித்துக்கொண்டே, “அதப் பத்தி பேசாதீங்க சார், எங்க தெருவுலயே போச்சு” என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

வடக்கே ஆட்டோவில் ஆலம்பரைக் கோட்டை. மாவட்ட எல்லை தாண்டிச் செங்கல்பட்டு வந்துவிடுகிறது, ஆனால் கரை ஒன்றுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. இங்கிருந்து உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறின. நாணயச் சாலையும் இருந்தது. 1750-இல் தக்காணத்து முசாஃபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து, இடித்துப் போட்டார்கள். மிச்சத்தை 2004 சுனாமி தொட்டுவிட்டுப் போனது. கழிமுகத்தில் படகு விடுகிறார்கள். இடிந்த சுவரில் சென்னை இளைஞர்கள் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் பாவாடை நீளம், அதைப் பிடிக்க இரண்டு பேர். கோட்டையைவிட எனக்கு அதன் பின்னால் இருக்கும் திட்டுதான் பிடித்தது. அங்கே நண்டு பிடிக்கும் ஒருவர் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நத்தத்தனார் ஆமூரில் வெள்ளைச் சோற்றோடு தருவதாகச் சொல்வது நண்டுக் கறி.

திரும்பித் தெற்கே வந்து கழுவெளி. மரக்காணத்துக்குத் தெற்கே, சாலைக்கு மேற்கில் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியது இதுதான் என்பார்கள். ஏரி என்று சொல்கிறோமே தவிர, வருஷத்தில் பாதி நாள் இது நடந்து போகக்கூடிய சேற்றுவெளி. மழையில் நன்னீர் நிரம்பும். கோடையில் எடையன்திட்டுப் பக்கமிருந்து கடல் உள்ளே வரும். அந்த இரட்டைப் பிழைப்புதான் இதன் வளம். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், திருப்பூரின் நஞ்சராயன் குளத்தோடு சேர்ந்து ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வருபவை கிளம்பிக்கொண்டிருந்த நேரம். பூநாரைகள் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தன. கூழைக்கடாக்கள் கிட்டவே இருந்தன. இருகண்ணோக்கி இல்லாமல் போனால் பாதிதான் பார்க்க முடியும்.

அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவருக்குச் சரணாலயத்தில் முழுத் திருப்தி இல்லை. பறவையைச் சுடுகிறவர்கள் வருவது நின்றது நல்லது என்றார். ஆனால் எல்லைக்கல் நட்ட பிறகு எந்த இடத்தில் மாடு மேயலாம், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதில் தினமும் ஒரு தகராறு. “பறவைக்கு எல்லை தெரியுமா தம்பி? அது எங்க வேணா போவுது. எங்களுக்குத்தான் கல்லு.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இறால் பண்ணைக்காரர்களிடமிருந்து இந்த வெளியைக் காப்பாற்றக் கல் வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற அதிகாரியின் பெயரை அவராலும் சொல்ல முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தை பிறந்து சித்திரைக்குள் போங்கள். உப்பும் இருக்கும், முதல் பாதியில் பறவையும் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறிவிடும். திண்டிவனத்தில் ராத்தங்கி முதல் பேருந்தைப் பிடித்தால்தான் வாருவதைப் பார்க்கலாம். எட்டு மணிக்குமேல் போனால் குவியலைத்தான் பார்ப்பீர்கள். உப்பளத்தில் நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். வரப்பில் செருப்போடு ஏறாதீர்கள். பாத்தியில் மண் விழுந்தால் அந்த அக்காவே திட்டுவார், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வரும்போது சாலையோரக் கடையில் ஒரு படி கல்லுப்பு வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.